பத்துத் தாள் எலுமிச்சைப் புல்

பத்துத் தாள் போதும் சிஸ்டர். அதற்கு மேல் வேண்டாம். மாதா கெபிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு புதர் இருக்குமே, அதிலிருந்துதான். வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. அடியில் வெள்ளையாக இருக்கும் தண்டும் சேர்ந்து வருகிற மாதிரி அறுத்தால் போதும். இன்னும் இருக்கிறதா? அப்பாடா. வருகிற வழியெல்லாம் அதை வெட்டிப் போட்டிருக்கக் கூடாதே என்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் இங்கே புதிது. நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இங்கேதான் படித்தேன். ஹில்டா. பழைய ரெஜிஸ்டரில் ஹில்டா ரொட்ரிகோ என்று இருக்கும். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் மூன்று வருஷம் எனக்குத்தான் முதல் பரிசு. சிஸ்டர் பெனிக்னா இருந்திருந்தால் என்னைப் பார்த்ததும் "எட்டாம் கிளாஸ் வாயாடி" என்று சொல்லியிருப்பார்கள். மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்களாமே, கேட்டில் சொன்னார்கள்.

இல்லை சிஸ்டர், உட்கார நேரமில்லை. மணி பத்தரை ஆகிவிட்டது. ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். பிள்ளை வேறு அவரிடம் இருக்கிறாள். செரின், இரண்டரை வயது. கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் கேட்டேன். "புல்லுப் பறிக்கப் பிள்ள எதுக்கு? அவ எம் மடியில இருக்கட்டும். நீ வந்துருவல்ல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இன்றைக்குக் காலையிலிருந்து நல்ல மனநிலையில் இருக்கிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் கையா? இது ஒன்றுமில்லை. சூப் கொட்டிவிட்டது. கட்டு மாற்றி நாலு நாள் ஆகிறது, அதுதான் வாடை. தள்ளி நின்றுகொள்கிறேன்.

சரி, ஒரு நிமிஷம் உட்காருகிறேன். தோட்டக்காரர் அறுத்துக்கொண்டு வருகிற வரைக்கும்.

இந்தப் புல் எதற்கென்றால் சிஸ்டர், ஒரு சூப்புக்கு. தாய்லாந்து சூப். நூடுல்ஸ் போட்டது. அந்த ஊரில் வாய்க்காலில் படகு கட்டி, படகிலேயே அடுப்பு வைத்து விற்பார்களாம். அதனால் படகு சூப் என்று பெயர். என் வீட்டுக்காரர் மெல்கியோர் அங்கே கப்பல் பட்டறையில் நாலு வருஷம் வெல்டராக இருந்தார். இருபது நாள் லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அவர் மட்டும் திரும்பிப் போனார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். எட்டு மாதத்துக்கு முன்னால் மொத்தமாகத் திரும்பிவிட்டார். பட்டறையில் ஏதோ அடிதடியாம். ஒருத்தன் மண்டையை யாரோ உடைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் இவர் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். முன்கோபம் இருக்கிறவர்கள் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

வந்ததிலிருந்து எதையும் வாயில் வைக்க மாட்டார். நான் வைக்கிற மீன் குழம்பைத் தெருவே கேட்டு வாங்கிக்கொண்டு போகும் சிஸ்டர், பெருமைக்குச் சொல்லவில்லை. அவருக்குப் பிடிக்காது. "அந்தச் சூப்ப ஒரு நாளு வச்சுக் குடுட்டி, அப்புறம் பாரு நா எப்பிடி இருக்கேன்னு" என்பார். எனக்கும் ஆசைதான். ஒரு சூப்பில் ஒரு மனுஷன் சரியாகிவிடுவான் என்றால் எந்தப் பெண்டாட்டி வைக்க மாட்டாள்?

அதில் பாதிச் சாமான் நம் ஊரிலேயே கிடைக்கிறது, தெரியுமா? பட்டை, அன்னாசிப்பூ, மல்லி வேர், பூண்டு. நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கினேன். கடைக்காரர் "வீட்டில் யாருக்கம்மா இருமல்?" என்று கேட்டார். இனிப்புக்குக் கருப்பட்டி. மேலே தூவ திருநீற்றுப் பச்சிலை. உப்புக்குப் பதில் மீன் தண்ணீர் மாதிரி ஒன்று, நாலு பாட்டில் அவரே கொண்டுவந்திருந்தார். எலும்பை மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் சாறு தயார். அதுவரைக்கும் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டம் ரத்தத்தில்தான்.

ஆமாம் சிஸ்டர், ரத்தம். பச்சை ரத்தம் விட்டால்தான் அந்தச் சூப் கெட்டியாகும். கறுப்பாக, பளபளவென்று வரும். முதல் தடவை ஈஸ்டர் கழிந்த வாரம் வைத்தேன். தவக்காலம் முழுக்கக் கறி இல்லை, நன்றாகச் சாப்பிடட்டும் என்று கசாப்புக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கிவந்தேன். நாம் என்ன செய்வோம்? கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் அரை மணியில் அல்வா மாதிரி உறைந்துவிடும். வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுப் பொரிப்போம். அம்மா வீட்டில் அப்படித்தான். நானும் அப்படியே பொரித்து, சூப்பின் மேலே அள்ளிப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அழகாகக்கூட இருந்தது.

அவர் கரண்டியால் ஒரு தடவை கிளறினார். "இது என்ன?" என்றார். ரத்தம் என்றேன். "தேங்காப்பூ போட்டுருக்க" என்றார். கிண்ணம் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அப்புறம் எழுந்து வந்து என் பின்னலைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், கொதிக்கிற பானைக்கு மேலே முகத்தைப் பிடித்தார். சளிக்கு வேது பிடிப்போமே, அந்த மாதிரி. "மோந்து பாரு. இதுல என்ன வாசம் இல்லன்னு சொல்லு. சொல்லுட்டி." நான் என்னத்தைச் சொல்வேன்? கண்ணைத் திறக்க முடியவில்லை. துளசி என்றேன், இஞ்சி என்றேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை நெற்றியைப் பானை விளிம்பில் இடித்தார். முன் அறையில் மாமி இருந்தார்கள், அவருடைய அம்மா. டிவியில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் எனக்குத்தானே அசிங்கம் என்று நினைத்திருப்பார்கள். நல்லவர்கள்தான்.

அதற்கு முன்னால் அடித்ததே இல்லையா என்றா கேட்கிறீர்கள்? அடிப்பார். அதெல்லாம் சூப்புக்காக இல்லை, அதனால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நா மனுஷனே இல்ல ஹில்டா" என்றார். நெற்றிக்கு அவரே களிம்பு தடவினார். யார் சிஸ்டர் அப்படித் தடவுவார்கள்? என் அப்பா அம்மாவுக்கு ஒரு நாளும் தடவினதில்லை.

அப்புறம்தான் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார், அங்கே யார் அவருக்குச் சமைத்தது என்று. நிட் என்று ஒரு பெண். பட்டறை வாசலில் சூப் விற்கிறவள். பாவம், துணையில்லாதவளாம். தனியாக இருக்கிறாளே என்று அவள் வீட்டிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், ஒரு பாதுகாப்புக்கு. தினமும் அவள் கை சூப்தான். "நாலு வருஷம். ஒரு நாளு ருசி மாறல. ஒரு நாளு தப்பல" என்பார். போனில் படம்கூடக் காட்டினார். ஒல்லியாக, மாநிறமாக, நம் பெரியதாழைப் பக்கத்துப் பெண் மாதிரியே இருக்கிறாள். இடுப்பில் ஒரு பையன். அவளுடைய தம்பி மகனாம். அந்தப் பையனுக்கு முன்நெற்றியில் இரட்டைச் சுழி, அச்சு அசல் நம் செரினுக்கு இருக்கிற மாதிரியே. அவருக்கும் உண்டு. உலகத்தில் எங்கெங்கே எப்படியெல்லாம் ஒற்றுமை வைக்கிறார் கடவுள் என்று நான்கூடச் சொன்னேன்.

ஏன் சிஸ்டர் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இரண்டாவது தடவை ரத்தத்தை உறையவிடவில்லை. உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீராகவே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தளதளவென்று கொதிக்கிற பானையில் அப்படியே கவிழ்த்தேன். ஒரு நொடி, பால் திரிகிற மாதிரி திரிந்துவிட்டது. சாறு தனி, கட்டி தனி. பழுப்பாக, வாந்தி மாதிரி. அள்ளி எறிந்துவிட்டு வேறு வைக்கலாம் என்றால் நேரம் இல்லை. அவர் பின்னால் வந்து நின்றார். அன்றைக்குக் கோபமே படவில்லை. "பரவால்ல. நீ படிச்ச பிள்ள. ஒரு தடவ காட்டிக் குடுத்தா மறக்க மாட்ட" என்றார். என் இடது கையைப் பிடித்துத் திருப்பினார், உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி. குளுக்கோஸ் ஏற்றும்போது நர்ஸ் பிடிப்பாளே, அப்படி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவாக ஊற்றினார். ஒரு கரண்டி. எண்ணச் சொன்னார், எண்ணினேன். இரண்டாவது கரண்டி. அதையும் எண்ணினேன். மூன்றாவதில் எனக்கு நினைவில்லை. தோலை இரும்பு மாதிரி பிடித்திருந்த அவர் விரல் மட்டும் நினைவில் இருக்கிறது, அந்த விரலில் ஒரு சொட்டுப் படவில்லை. வெல்டர் இல்லையா, கை நடுங்காது.

பெரியாஸ்பத்திரியில் கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்றேன். அந்த நர்ஸ் உங்களை மாதிரியேதான் பார்த்தாள்.

நான் வேண்டுமென்று தப்பாகச் சமைக்கவில்லை சிஸ்டர். சத்தியமாக. தப்பு எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் தப்ப மாட்டேன். கணக்கில்கூட நான் அப்படித்தான், ஒரு வழியைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டேன். அதைச் சொல்லித்தான் அவரிடம் கேட்டேன், அந்த நிட்டிடமே ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொள்கிறேனே என்று. சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வந்ததும், அவரே வீடியோ கால் போட்டு, அடுப்படியில் அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்தார். அவர்கள் பாஷையில் அவளிடம் என்னவோ சொன்னார், அதட்டுகிற மாதிரி. அவள் தலையாட்டிவிட்டுச் சமைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது சிஸ்டர், தப்பு எங்கே என்று. இந்தப் புல்தான்! ஒரு கைப்பிடி எலுமிச்சைப் புல்லை நசுக்கி, ரத்தத்துக்குள் போட்டு, துணி பிழிகிற மாதிரி பிழிந்துகொண்டே இருந்தாள். கட்டி எல்லாம் உடைந்து கரைந்துவிடுகிறது. கவிச்சியும் போய்விடுகிறது. அப்புறம் வடிகட்டினாள். பானையை இறக்கி வைத்து, கொதி அடங்கின பிறகு, ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டு நூல் மாதிரி விட்டாள். எவ்வளவு அழகு! சாறு கறுத்துக்கொண்டே வந்து கண்ணாடி மாதிரி நின்றது. இவர் என் தோளில் கை வைத்து, "பாத்தியா? ஒரு சொட்டுச் சிந்தல பாத்தியா? இவளும் பொம்பளதான்" என்றார். அப்புறம் சிகரெட் வாங்க முக்கு வரைக்கும் போனார்.

அவர் போனதும் அவள் போனுக்குப் பக்கத்தில் வந்தாள். முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போய்விட்டாரா என்று கையால் கேட்டாள். தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி எல்லாம் சொன்னேன். இங்கே கற்றுக்கொடுத்த அத்தனையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. என் கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுருங்கின தழும்பு, இளஞ்சிவப்பாக, பழைய காயம். பானையைக் காட்டினாள். என் கையைக் காட்டினாள். எனக்கு மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அவ்வளவு கைதேர்ந்தவளுக்கே கொட்டியிருக்கிறது. அந்தச் சூப்பே அப்படிப்பட்ட சூப்.

அதற்கப்புறம்தான் அவள் என்னென்னவோ செய்தாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தாள். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே போனாள். போனில் அவளுடைய வெறும் அடுப்படிதான் தெரிந்தது, ஒரு காலண்டர், ஒரு ஸ்டூல். திரும்பி வந்தாள், என்னையே பார்த்தாள். மறுபடியும் பை, பையன், கதவு. மறுபடியும் வெறும் அடுப்படி. மூன்று தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், சிக்னல் தேடி அலைகிறாள் என்று. "பரவாயில்லை, நன்றாகத் தெரிகிறது" என்று சத்தமாகச் சொன்னேன். அவள் அழுதாள். வாசலில் இவர் செருப்புச் சத்தம் கேட்டது, கட் பண்ணிவிட்டேன்.

ஆக, மூன்றாவது தடவை இன்றைக்கு. இன்றைக்குத் தப்பக் கூடாது.

பன்றி ரத்தம்தான் வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டார். விடிந்ததும் என்னைப் பைக்கில் கூட்டிப்போனார், செரினை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு. உப்பளத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை. நாலு பேர் பன்றியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டுகிறவர் கையிலிருந்து கத்தியை இவர் வாங்கிக்கொண்டார். "நா போடுறேன்ணே." அது கத்தின கத்து சிஸ்டர், பிள்ளை கத்துவதா அது கத்துவதா என்று தெரியவில்லை. என்னைப் பன்றியின் கழுத்துக்குக் கீழே பேசினோடு குத்தவைத்து உட்காரச் சொன்னார். ரத்தம் சூடாக வந்து விழுந்தது. "கையப் போட்டுக் கலக்குட்டி. நிறுத்துனா ஒறஞ்சிரும்." வலது கையால் பேசினைப் பிடித்திருந்தேன், அதனால் இந்தக் கையைத்தான் போட வேண்டியிருந்தது. கட்டோடு. உப்புப் போட்ட ரத்தம், புண்ணில். நான் கத்தவில்லை. பன்றி ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தது. நார் நாராக விரலில் சுற்றிக்கொண்டு வந்தது, எடுத்து எறிந்தேன். அந்த நாலு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பன்றி வெட்டுகிறவர்கள், சிஸ்டர்.

அது அடங்கின பிறகு அவர் கத்தியைப் பன்றி முதுகிலேயே துடைத்துவிட்டு, செரினைத் தூக்கி வந்து என் பக்கத்தில் நின்றார். அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கைக்கு உள்ளே ஒரு முத்தம் கொடுத்தார். "ஒங்கம்மைக்கு வலி பழகிப்போச்சு பாப்பா. இன்னைக்குத் தப்புனா அப்பா ஒன் கையிலதான் ஊத்துவேன்" என்றார். கொஞ்சுகிற குரலில்தான். செரின் சிரித்தாள்.

செய்ய மாட்டார். சும்மா சொல்வார். பெற்ற பிள்ளையில்லையா? நான் ஒழுங்காகச் சமைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. சமைத்துவிட்டால் ஒன்றுமே இல்லை. சாறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது, மாமி பார்த்துக்கொள்கிறார்கள். ரத்தம் பேசினில் மூடி வைத்திருக்கிறேன். புல் மட்டும்தான் பாக்கி. சந்தையில் கிடைக்கவில்லை. கான்வென்ட்டில் நம் தோட்டத்தில் இருக்குமே என்று எனக்குத்தான் தோன்றியது. நல்ல வேளை.

என்ன கேட்டீர்கள்?

நிட்டுக்கா? எந்தக் கையா? இடது கை. ஏன்? நன்றாகத் தெரியும், வீடியோவில் எதிர்ப்பக்கமாகத் தெரியும் என்றாலும் கரண்டியை இன்னொரு கையில்தான் வைத்திருந்தாள். கரண்டி பிடிக்கிற கை இல்லை.

உள்பக்கம்தான். இதோ, எனக்கு இருக்கிற இடத்தில்.

ஆமாம் சிஸ்டர், சிந்தினால் கரண்டிக் கையில்தான் சிந்தும். புறங்கையில் சிந்தும். விரலில் சிந்தும்.

உள்பக்கம் சுட வேண்டுமென்றால் கையைத் திருப்ப வேண்டும்.

ஒரு நிமிஷம் இருங்கள்.

அவள் சரியாகத்தான் சமைப்பாள் சிஸ்டர். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தப்பவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். புல் போட்டுத்தான் பிழிந்தாள். இறக்கி வைத்துத்தான் விட்டாள். அவளுக்கு ஏன்?

அந்தப் பையில் என்ன வைத்தாள் என்றா? முதல் தடவை கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை ஒவ்வொன்றாக எடுத்துப் போனுக்கு முன்னால் காட்டிக் காட்டி வைத்தாள். பையனுடைய சட்டை. பால் புட்டி. ஏதோ ஒரு அட்டை, தடுப்பூசி அட்டை மாதிரி. சூப்புக்குப் போடுகிற புல்லா என்று பார்த்தேன், பையில் புல் இல்லை. சமையல் சாமான் ஒன்றுமே இல்லை.

நான் சிரித்தேன் சிஸ்டர். அவள் மூன்று தடவை கதவைத் திறந்து போய்க் காட்டினாள். சிக்னல் என்று நினைத்துச் சிரித்தேன்.

மணி என்ன? பதினொன்றா? இல்லை, போலீஸ் வேண்டாம். கேளுங்கள், நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பிள்ளை அவர் மடியில் இருக்கிறாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்படி அவருக்கு எட்டு அடிதான். கொதிக்கிற பானை அங்கே இருக்கிறது. போலீஸுக்கு வாசலிலிருந்து எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் கூப்பிடுங்கள். அவள் என் இடுப்பில் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

நான் போக வேண்டும். என் கையைப் பிடிக்காதீர்கள், அந்தக் கை இல்லை. நான் போகாமல் இங்கே ஒளிந்துகொள்ள முடியாது, ஒரு மணி ஆனால் அவர் எனக்காகக் காத்திருக்க மாட்டார். நான் போய்ச் சமைக்க வேண்டும். சமைத்துக்கொண்டிருக்கிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும்.

போனதும் முதலில் பிள்ளைக்கு ஒரு பெரிய டம்ளர் சர்பத் கொடுப்பேன். நன்னாரி சர்பத் என்றால் ஒரே மூச்சில் குடித்துவிடுவாள். குடித்த கால் மணியில் கண்டிப்பாக நனைப்பாள், இன்னும் சொல்லத் தெரியாது. மடியில் நனைத்தால் அவருக்கு ஆகவே ஆகாது. "ஏட்டி, வந்து எடு இத" என்று கையை விரித்துக்கொண்டு கத்துவார். ரத்தம் அவருக்கு அருவருப்பில்லை, பிள்ளை மூத்திரம் அருவருப்பு. கழுவப் பின்பக்கக் குழாய்க்குத்தான் தூக்கிக்கொண்டு போவேன், தினமும் அங்கேதான். அங்கே கதவு கிடையாது, ஓலைத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் சாக்கடைச் சந்து. சந்து ஐஸ் பேக்டரி மதிலில் போய் முடியும். நூறு அடி. நான் பள்ளியில் ஓட்டத்தில் ஒன்றும் வாங்கினதில்லை, பேச்சுப் போட்டிதான். பரவாயில்லை.

உங்கள் வெள்ளை வேன் வேண்டாம் சிஸ்டர், தெருவே எட்டிப் பார்க்கும். ஒரு ஆட்டோ. ஐஸ் பேக்டரி மதிலை ஒட்டி, தெருப்பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்து நிற்கட்டும். பன்னிரண்டே முக்காலிலிருந்து. நீங்களே வந்து உட்காருங்கள், உடுப்பைப் பார்த்தால் பிள்ளை பயப்பட மாட்டாள், நம் கோயில் சிஸ்டர்மாரைப் பார்த்திருக்கிறாள். பையெல்லாம் எடுக்க முடியாது. தடுப்பூசி அட்டை அலமாரியில் இருக்கிறது, இருக்கட்டும்.

சூப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத்தான் வருவேன். பசி தாங்க மாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தோட்டக்காரர் வந்துவிட்டார். கொடுங்கள், இப்படிக் கொடுங்கள். வெறுங்கையோடு வாசல் படி ஏற முடியாது.

சிஸ்டர், ஒன்றே ஒன்று. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, டிரைவர் என்ன முணுமுணுத்தாலும் சரி, வண்டியை அணைக்க மட்டும் விடாதீர்கள். அந்தச் சத்தம் தட்டி வரைக்கும் கேட்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டு ஓட முடியாது, பிள்ளை முகத்தை என் தோளில் அழுத்திப் பிடித்திருப்பேன்.